முப்பத்தேழாவது வாரம்

பாப்பாவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். தம்பிக்கு வேலை மாற்றம் உறுதியாகிவிட்டது, சித்தி விஷயம் நீ சொன்ன மாதிரியே முடிந்தது, அப்பாவுக்குப் புதுக் கண்ணாடி வந்துவிட்டது. இதையெல்லாம் விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் எழுத ஆரம்பித்தால் உன் போஸ்டர்தான் முன்னால் வந்து நிற்கிறது, அதனால் அதையே முதலில் எழுதிவிடுகிறேன், மற்றதெல்லாம் அப்புறம்.

மூலக் கோப்புகளை இரண்டு இடத்தில் வைத்திருக்கிறாயா? ஒன்று உன் கணினியில், இன்னொன்று தனி ஹார்ட் டிஸ்க்கில். லேயரோடு இருக்கிற கோப்பைச் சொல்கிறேன், இணையத்தில் போடுகிற ஜேபெக்கை இல்லை. எங்கள் காலத்தில் அச்சகத்தில் ஒரு நெகட்டிவ் தொலைந்தால் மறுபடி கேமரா அறைக்குப் போய் எடுத்துக்கொள்வோம், அரை நாள் வீண், அவ்வளவுதான். உனக்கு ஒரு டிஸ்க் போனால் ஒரு வருஷமே போய்விடும்.

ஜனவரியில் நீ ஃபோனில் விதிகளைப் படித்துக் காட்டியது அப்படியே நினைவிருக்கிறது. வாரம் ஒரு போஸ்டர். அதில் ஒரே ஒரு தமிழ்ச் சொல். ஏ3 அளவு, 297-க்கு 420 மில்லிமீட்டர். இரண்டே நிறம். ஞாயிறு இரவு பன்னிரண்டுக்குள் இணையத்தில் போட்டுவிட வேண்டும், பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும். இப்படி 52 வாரம். "இதுல யாரும் திருத்தம் சொல்ல முடியாதும்மா" என்று கடைசியாக ஒன்று சொன்னாய். ஆபீஸில் லோகோவைப் பெரிசாக்கு, சிவப்பைக் குறை என்று நாள் முழுக்கக் கேட்டுக் கேட்டுச் சலித்துப்போய்ச் சொன்னாய் என்றுதான் அப்பா நினைத்தார். நான் அப்படி நினைக்கவில்லை. அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. ஏன் என்று கீழே எழுதுகிறேன், எழுத முடிந்தால்.

முதல் வாரம் நீ பட்ட பாடு ஞாபகம் இருக்கிறதா? "கொடி" என்று தட்டினால் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் என்று பிய்ந்து நின்றது, ஞாயிறு மதியம் வரை எழுத்துரு மேல் பழி போட்டுக்கொண்டிருந்தாய். கடைசியில் மென்பொருளில் வேர்ல்ட்-ரெடி கம்போசர் என்ற ஒன்றை மாற்றியதும் எழுத்து தானாகச் சேர்ந்துகொண்டது. ஆனால் அடுத்த வாரத்திலிருந்து நீ எழுத்துருவையே விட்டுவிட்டுக் கையால் எழுத ஆரம்பித்தாய். அங்கேதான் இந்த வேலைக்கு உயிர் வந்தது என்று நான் சொல்வேன். மேலே விசிறியும் கீழே சுழியும் வருகிற நம் எழுத்துக்கு ஆங்கிலத்துக்கு விடுகிற வரி இடைவெளி போதாது, மூச்சு முட்டும். அதை யாரும் சொல்லித்தராமல் உன் கையே கண்டுபிடித்தது.

எட்டாவது வாரம் "நிழல்". நீலத்தின் மேல் ஆரஞ்சு ஏறுகிற இடத்தில் மட்டும் மூன்றாவதாக ஒரு கருநிறம் வந்து, அந்த ஆளின் நிழல் அதிலேயே விழுந்திருந்தது. இரண்டு மையை வைத்து மூன்று நிறம். ஓவர்பிரிண்ட் என்றால் என்ன என்று அப்பாவுக்குக் காட்ட இரண்டு கலர் கண்ணாடித்தாளை வாங்கிவந்து ஜன்னல் வெளிச்சத்தில் ஒன்றன் மேல் ஒன்று பிடித்தேன். அவர் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார், அதை உன்னிடம் சொன்னாரா தெரியவில்லை. பதினோராவது வாரத்தைப் பார்த்துவிட்டு ஒரு பதிப்பகம் அட்டைப்படம் கேட்டபோது நான் எத்தனை பேருக்கு ஃபோன் செய்தேன் என்பது தம்பிக்குத்தான் தெரியும்.

பதினாறாவது வாரம் "இரைச்சல்". இரண்டு நிறமும் ஒன்றோடொன்று சேராமல் இரண்டு மில்லிமீட்டர் தள்ளி நின்றது. நான் உடனே கூப்பிட்டு ரெஜிஸ்டர் தவறியிருக்கிறது, சரிபார் என்று சொல்லிவிட்டேன். நீ கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு "தெரிஞ்சுதான் தள்ளி வெச்சேன்மா" என்றாய். ஃபோனை வைத்துவிட்டு மறுபடி பார்த்தேன். காது வலிக்கிற படம் அது. கண்ணில் பார்க்கும்போதே காது வலித்தது. அதைச் சொல்ல உன்னைத் திரும்பக் கூப்பிட்டிருக்க வேண்டும், நான் கூப்பிடவில்லை.

உன்மேல் எனக்குக் குறையும் உண்டு. ஞாயிறு நடுராத்திரியில் முன்பின் தெரியாதவர்கள் எழுதுவதற்கெல்லாம் பொறுமையாகப் பதில் எழுதுகிறாய், வீட்டுக்குக் கூப்பிட்டால் நாலு நிமிஷம்தான், அதிலும் பாதி "ம்". இந்த ஏழு வாரமாக அதுவும் குறைந்துவிட்டது. பன்னிரண்டு மணிக்கு மேல் உட்காராதே என்று எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன். நாற்காலியை உயர்த்திக்கொள், முழங்கை மேஜை மட்டத்தில் இருக்க வேண்டும், அரை மணிக்கு ஒருமுறை எழுந்து தூரத்தில் எதையாவது பார். நேரத்துக்குச் சாப்பிடு. கோப்பை இரண்டு இடத்தில் வை.

அப்பா அன்றைக்கு அந்த மைக் விங்கெல்மேன் கதையைச் சொன்னாரே, பீப்பிள் என்ற பெயரில் 2007 மே 1-லிருந்து தினம் ஒரு படம் போட்டவர், அதில் 5000 படத்தை ஒன்றாகச் சேர்த்து 2021-ல் கிறிஸ்டீஸ் ஏலத்தில் 6.9 கோடி டாலருக்குப் போனது என்று. உன்னை உற்சாகப்படுத்தத்தான் சொன்னார். நீ பேச்சை மாற்றிவிட்டாய், அது எனக்குக் கேட்டது. ஏலத்துக்காகவா நீ ஆரம்பித்தாய்? ஒரு சொல்லை ஒரு வாரம் கையில் வைத்துக்கொண்டு திரிய வேண்டும் என்றுதானே. அப்பாவிடம் நான் பேசிவிட்டேன், இனிமேல் அந்தப் பேச்சு வராது.

சரி, முப்பத்தேழாவது வாரத்துக்கு வருகிறேன்.

அதைப் பார்த்தவர்கள் எல்லோரும் மினிமல், அருமை, தைரியம் என்று எழுதியிருந்தார்கள். நான் தம்பியின் பெரிய திரையில் போட்டுப் பார்த்தேன். வெள்ளைத் தாள். நாலு மூலையிலும் வெட்டுக்குறி, மயிரிழை மாதிரி. நாலு பக்கத்திலும் நடுவில் ரெஜிஸ்டர் குறி, வட்டத்துக்குள் கூட்டல். இரண்டு நிறமும் அந்தக் குறிகளில் துல்லியமாக ஒன்றன் மேல் ஒன்று உட்கார்ந்திருந்தது. வெட்டும்போது ஓரத்தில் வெள்ளை தெரியாமலிருக்க வெளியே விடுகிற மூன்று மில்லிமீட்டர் ப்ளீட் கூடச் சரியாக விட்டிருந்தாய். நடுவில் ஒன்றும் இல்லை. சொல்லும் இல்லை. வெட்டுவதற்கு எல்லாம் தயார், அச்சடிக்கத்தான் எதுவும் இல்லை. அச்சுக்குப் போகிற பக்கங்களை வெட்டி ஒட்டுகிற வேலையில் இருபத்திரண்டு வருஷம் அந்தக் குறிகளை வரைந்தவள் நான். அவற்றை வைத்துவிட்டு நடுவில் எதுவும் ஒட்டாமல் ஒரு நாளும் நான் பலகையை விட்டு எழுந்ததில்லை. அதனால் எனக்கு அதை மினிமல் என்று பார்க்க முடியவில்லை.

நீதானே எனக்கு லூசியன் பெர்ன்ஹார்ட் கதையைச் சொன்னாய். பெர்லினில் ப்ரீஸ்டர் தீப்பெட்டிக்கான போஸ்டர் போட்டிக்காக மேஜை, சாம்பல் கிண்ணம், சுருட்டு, ஆடும் பெண்கள் என்று நிறைய வரைந்து, ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டே வந்தவர். நடுவர்கள் அதைக் குப்பைத் தொட்டியில் போட்டார்கள், தாமதமாக வந்த ஒருவர் அதை வெளியே எடுத்து, முதல் பரிசே இதற்குத்தான் என்றார். அவர் எல்லாவற்றையும் எடுத்த பிறகும் இரண்டு தீக்குச்சி மிச்சம் இருந்தது பாப்பா. பெயரும் இருந்தது. உன் தாளில் நான் ரொம்ப நேரம் தேடினேன்.

அடுத்த ஞாயிறு ஒன்றும் வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் இல்லை. பன்னிரண்டு மணி வரை நான் விழித்திருந்தது உனக்குத் தெரிய வேண்டாம் என்று நினைத்தேன், இப்போது எழுதிவிட்டேன். வேலைப் பளுவாக இருக்கும் என்று அப்பா சொல்கிறார். இருக்கலாம். நான் ஒன்றும் கேட்கவில்லை. வேலையில் ஏதாவது என்றாலும், வேறு ஏதாவது என்றாலும், உன் அறை இங்கே அப்படியேதான் இருக்கிறது, மேஜை ஜன்னல் பக்கம்தான் போட்டிருக்கிறோம்.

52 என்ற கணக்குக்காக நீ கலங்க வேண்டாம். ஜப்பான் ஓவியர் ஹொகுசாய் ஃபூஜி மலையின் முப்பத்தாறு காட்சிகள் என்று பெயர் வைத்த வரிசையில் கடைசியில் 46 படம் இருக்கிறது, மக்கள் விரும்பினார்கள் என்று இன்னும் பத்து சேர்ந்தது, பெயர் மட்டும் முப்பத்தாறாகவே நின்றுவிட்டது. கூடலாம் என்றால் குறையவும் கூடாதா? 37-ல் நிற்கட்டும். அல்லது அடுத்த வருஷம் 38-லிருந்து தொடரட்டும். யாரும் வந்து எண்ணப்போவதில்லை. நீ வரையாமல் இருப்பதைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. நீ வரையாமல் இருக்கும்போது என்ன செய்துகொண்டிருக்கிறாய் என்பதுதான்.

இப்போது அதை எழுதுகிறேன்.

ஆறாவது படிக்கும்போது பள்ளி நாடகத்துக்கு நீ ஒரு போஸ்டர் வரைந்தாய். "யானை" என்று பெரிதாக ஒரே சொல். பாட்டி எழுதுவதைப் பார்த்துப் பழகியதால் பழைய னையைப் போட்டிருந்தாய், முன்னால் வளைந்து தொங்குகிற அந்தச் சுழியையே தும்பிக்கையாக ஆக்கி, நுனியில் ஒரு பூவைப் பிடிக்க வைத்திருந்தாய். அதை அச்சடித்துத் தருகிறேன் என்று நான்தான் கேட்டு வாங்கிப்போனேன். பலகையில் வைத்துப் பார்த்தபோது எனக்கு ஒரே பதற்றம். 1978-லேயே எழுத்துச் சீர்திருத்தம் வந்து அந்தத் தும்பிக்கை பாடப் புத்தகத்திலிருந்து போய்விட்டதே, தப்பான எழுத்து என்று டீச்சர் சொல்வார், அச்சகத்தில் இருக்கிறவளின் பெண்ணே இப்படியா என்பார்கள் என்றெல்லாம் தோன்றியது. புது னை உள்ள "யானை"யைப் புரோமைட் என்கிற ஃபோட்டோ தாளில் எடுத்து, பிளேடால் அளவாக வெட்டி, ரப்பர் சொல்யூஷன் தடவி உன் எழுத்தின் மேல் ஒட்டினேன். பூவை வெள்ளை வைத்து அழித்தேன். ஐம்பது பிரதி. உன்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

பள்ளிச் சுவரில் அதைப் பார்த்துவிட்டு நீ அழவில்லை, சண்டை போடவில்லை. ரொம்ப நீட்டா இருக்கும்மா என்றாய். அதற்கப்புறம் நீ ஒரு படத்தையும் முடிப்பதற்கு முன் எனக்குக் காட்டியதில்லை. கதவைச் சாத்திக்கொள்வாய். வயசு அப்படி என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டேன். வயசு இல்லை. எனக்கு அன்றைக்கே தெரியும். இத்தனை வருஷமாகத் தெரியும். உனக்குப் பிழை வந்துவிடக் கூடாது என்று செய்ததாக மனசுக்குள் நூறு தடவை சொல்லிப் பார்த்தேன், ஆனால் எனக்குத்தான் வெட்கமாக இருந்தது, எனக்காகத்தான் செய்தேன். "இரைச்சல்" அன்றைக்கும் அதே கையைத்தான் நீட்டினேன். இன்றைக்கு உனக்கு ஏதோ ஒன்று சரியில்லை என்றால், அது முடிந்து நேராகும் வரை எனக்குக் காட்டக் கூடாது என்று கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பாய். அந்தப் பழக்கத்தை உனக்குக் கொடுத்தவள் நான்.

அந்த மூலத்தை நான் தூக்கிப் போடவில்லை. மேல் அலமாரி நீலப் பெட்டியில் பட்டர் பேப்பர் சுற்றி இருந்தது. போன வாரம் எடுத்தேன். பசை காய்ந்து பொடியாகி, நான் ஒட்டின துண்டு கை படுவதற்கு முன்பே உதிர்ந்து மடியில் விழுந்தது. அடியில் பழுப்பாகக் கறை படிந்திருக்கிறது, அதை ஒன்றும் செய்ய முடியாது. ஆனால் உன் எழுத்து முழுசாக இருக்கிறது, இந்தியன் இங்க் இல்லையா, கொஞ்சமும் மங்கவில்லை. நான் பூசின வெள்ளை வெடித்து, பூவில் மூன்று இதழ் வெளியே வந்திருக்கிறது. மீதியைச் சுரண்டிப் பார்க்க நினைத்தேன், அப்புறம் வேண்டாம் என்று விட்டுவிட்டேன், எப்படி எடுப்பது என்று உனக்குத் தெரியும்.

குழாய் அட்டையில் போட்டு அனுப்பியிருக்கிறேன், படம் வெளிப்பக்கமாகச் சுற்றியிருக்கிறது, பிரித்தவுடன் கவிழ்த்து வைத்து மேலே கனமாக எதையாவது ஒரு நாள் வை. கையைத் துடைத்துக்கொண்டு எடு. கிடைத்ததும் கூப்பிடு. நடுராத்திரி என்றாலும் பரவாயில்லை, ஞாயிற்றுக்கிழமை பன்னிரண்டு மணிக்கு நான் எப்படியும் முழித்துத்தான் இருப்பேன். பேச ஒன்றும் இல்லை என்றால் பேசாமல் ஃபோனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உன் வேலையைப் பார், நான் இந்தப் பக்கம் இருக்கிறேன்.

அம்மா

சித்தி விஷயத்தை எழுதவே இல்லை. அடுத்த கடிதத்தில்.