சேரமங்கையின் விலாசம்

அன்புள்ள வசந்தி,

நாங்கள் நலம். அத்தைக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று ராஜி சொன்னாள். சொட்டு மருந்தை வேளை தவறாமல் விடு. நீ திருவையாற்றுத் தியாகராஜர் ஆராதனைக்கு வராததற்கு அந்த ஒரு காரணத்தைத்தான் ஒப்புக்கொள்வேன். கொழுந்தனார் வீட்டுக் கிரகப்பிரவேசம் எல்லாம் கணக்கில் வராது.

தியாகராஜரின் ஐந்து பஞ்சரத்தினக் கீர்த்தனைகளை எல்லோரும் சேர்ந்து பாடுவது மறுநாள் காலைதானே, அதனால் முதல் நாள் முழுக்கத் தஞ்சாவூரைச் சுற்றினோம். அரண்மனைக் கலைக்கூடத்தில் திருவெண்காட்டு ரிஷபவாகன சிவனின் வெண்கலச் சிலையைப் பார்த்து நின்ற ராஜியை நகர்த்துவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. அந்தத் தலைப்பாகையையும், காளை இல்லாமலே காளை மேல் சாய்ந்திருக்கும் கையையும் பார்த்தால் யாருக்குத்தான் நகரத் தோன்றும்? சரஸ்வதி மகாலில் அரை மணி. அப்புறம் மேல வீதி. பங்காரு காமாட்சியைக் கும்பிட்டுவிட்டு, இசை மேதை சியாமா சாஸ்திரி நடந்த தெருவில் நாங்களும் நடந்தோம். நாட்டிய ஆசான்களான தஞ்சை நால்வரின் வீடும் அதே வீதிதான். உன் நினைவு வராமல் இருக்குமா? அலாரிப்பு முதல் தில்லானா வரை நீ பிள்ளைகளை ஆட்டி வைக்கும் வரிசையை ஒழுங்கு செய்தவர்கள் அவர்கள்தானே.

பெரிய கோயிலுக்குப் போக நாலு மணி ஆகிவிட்டது. இதைச் சொல்லத்தான் இந்தக் கடிதமே.

எங்களுக்குப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடக் கூட்டம். வழிகாட்டி அதே பழைய பாட்டைப் பாடினார்: விமானத்தின் நிழல் தரையில் விழாது, உச்சியில் இருப்பது எண்பது டன் ஒற்றைக்கல். நிழல் நன்றாகவே விழுகிறது, அதில்தான் நாங்கள் உட்கார்ந்திருந்தோம். உச்சிக்கல்லும் ஒற்றைக்கல் இல்லை, பல கற்களைச் சேர்த்தது. 1010இல் முடிந்த கோயில், 200 அடிக்கு மேல் உயரம், இது போதாதா வியப்பதற்கு? பொய் எதற்கு?

ராஜி கல்வெட்டுப் பாடத்தின் நகல் ஒன்றைக் கொண்டு வந்திருந்தாள். ராஜராஜன் சோழ நாட்டுக் கோயில்களிலிருந்து 400 ஆடல் பெண்களை இங்கே கொண்டுவந்து குடியமர்த்தியது உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆனால் அந்த 400 பேரின் பெயரும் மதிலில் வெட்டியிருக்கிறது, வசந்தி! எந்த ஊர், எந்தக் கோயில், இங்கே எந்தத் தெரு, எந்தச் சிறகு (தெருவின் எந்த வரிசை), எத்தனையாவது வீடு, எல்லாம் இருக்கிறது. ஆளுக்கு ஒரு பங்கு, நூறு கலம் நெல். ஒரு பெயரைக் கேள்: தெற்குத் தளிச்சேரி (அந்தப் பெண்கள் குடியிருந்த தெரு), தென்சிறகு, தலைவீடு, திருவையாற்று ஓலோகமாதேவி ஈஸ்வரத்து நக்கன் சேரமங்கை. ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய விலாசம்! அவள் எந்த ஊரிலிருந்து வந்தாள் பார்த்தாயா? மறுநாள் நாங்கள் பாடப் போகிற அதே திருவையாறு. அவளுடைய பழைய கோயில் ஐயாறப்பர் கோயிலுக்குள் வடகயிலாயமாக இன்னும் இருக்கிறது. அங்கேயும் போய்விட்டுத்தான் வந்தோம்.

விரும்பித்தான் வந்தார்களா என்று கல்வெட்டு சொல்லவில்லை. எனக்கு அது உறுத்துகிறது. ஆனாலும் பெயரை விட்டுவிடாமல் வெட்டி வைத்தார்கள். பிறகு வந்த காலம் அதைக்கூடச் செய்யவில்லை.

மறுநாள் காவிரிக்கரையில் எதிரெதிராக வரிசை கட்டி உட்கார்ந்து நாட்டை ராகக் கீர்த்தனை தொடங்கியதும் எனக்குச் சிலிர்த்துவிட்டது. வராளி ராகம் வந்தபோது நம் பாட்டு டீச்சரை நினைத்துக்கொண்டோம். அதை நேரே சொல்லித் தரமாட்டேன், கேட்டே பிடித்துக்கொள்ளுங்கள் என்பார்களே! ஸ்ரீராகத்தில் ராஜியின் குரல் எத்தனை பேர் நடுவிலும் தனியாகக் கேட்டது.

முடிந்ததும் தியாகராஜர் சமாதிக்கு எதிரே இருக்கும் பெங்களூர் நாகரத்தினம்மாள் சிலையிடம் போனோம். அந்தச் சமாதிக்குக் கோயில் கட்ட, தன் நகையையும் சொத்தையும் செலவழித்தவர் அவர். அப்படிப்பட்டவருக்கே, பெண் என்பதால் ஆராதனையில் பாட இடம் கொடுக்கவில்லை. 1920களில் சமாதிக்குப் பின்புறம் பெண்களைச் சேர்த்துக்கொண்டு தனியாக நடத்திக் காட்டினார். 1940களில் ஆராதனையைத் தனித்தனியே நடத்திய எல்லாக் கட்சியும் ஒன்றான பிறகுதான் முறையாக இடம் கிடைத்தது. அவரும் தேவதாசி மரபில் வந்தவர். நானும் ராஜியும் அந்த வரிசையில் உட்கார்ந்து பாடினோம் என்றால் அது அவர் வாங்கிக் கொடுத்த இடம்.

உன்னிடம் ஒரு சண்டை இருக்கிறது. சலங்கை பூஜையன்று நால்வர் பெயரைப் பிள்ளைகளுக்குச் சொல்கிறாய், சரி. இந்தப் பெண்கள் பெயரை ஏன் சொல்வதில்லை? எல்லாம் வேண்டாம், ஒரு பிள்ளைக்கு ஒரு பெயர் கொடு. மேடை ஏறும்போது அவள் அந்தப் பெயரையும் தெருவையும் சொல்லிவிட்டு ஆடட்டும். பட்டியலின் நகலை இதோடு வைத்திருக்கிறேன். பெரியவள் ஆண்டாளுக்குச் சேரமங்கையைக் கொடு, அவள் அரைமண்டிக்குத் தகும்.

அடுத்த ஆராதனைக்கு உனக்கும் சேர்த்து ராஜி இப்போதே அறை சொல்லி வைத்துவிட்டாள். கொழுந்தனார் இன்னொரு வீடு கட்டாமல் பார்த்துக்கொள். உடனே பதில் எழுது.

உன்,
மீனா