ரோப்வே பார்க்கப் பணம் கட்டினோம், பழனிக்குப் போகச் சொன்னீர்கள்

பெறுநர்:
மேலாளர் அவர்கள்,
மலையேற்றப் பிரிவு, மதுரைக் கிளை.

பொருள்: குரங்கணி – டாப் ஸ்டேஷன் ரோப்வே டிரெக் நடக்காதது, கட்டிய பணத்தைத் திருப்பித் தராதது, வயதானவரை அவமதித்துப் பேசியது தொடர்பாக.

ஐயா,

வணக்கம். மூன்று மின்னஞ்சல், பதினோரு போன், இரண்டு முறை திருச்சியிலிருந்து மதுரைக்கு நேரில் அலைந்தது எல்லாம் முடிந்து இந்தக் கடிதத்தை எழுதுகிறேன். 'தங்கள் புகார் பதிவு செய்யப்பட்டது' என்று தானாக வருகிற பதிலை இன்னொரு தடவை படிக்க எனக்குத் தெம்பு இல்லை. தயவுசெய்து யாராவது ஒருவர் உட்கார்ந்து இதை முழுக்கப் படியுங்கள்.

போடி பக்கத்துக் குரங்கணியிலிருந்து பழைய தேயிலை ரோப்வே தடத்தில் டாப் ஸ்டேஷனுக்கு நடந்து ஏறுவதாக நீங்கள் விற்ற, ஜனவரி 3, 4 தேதிகளில் கிளம்பிய ரோப்வே டிரெக்கில் நான், என் அப்பா, என் மகள் மூவரும் வந்தோம். ஆளுக்கு 4,850 ரூபாய், மொத்தம் 14,550. அதில் என்னென்ன உண்டு என்று நான் சொல்லி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. நீங்கள் அச்சடித்த அட்டவணைதான். அதில் எந்த வரி நடந்தது, எது நடக்கவில்லை என்று ஒரு நிமிடம் எடுத்துப் பாருங்கள், போதும்.

வரிசைப்படி எழுத வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். ஆனால் அந்த போன் விஷயத்தைச் சொல்லாமல் மேலே எழுதக் கை வரவில்லை. ஜனவரி 7-ஆம் தேதி காலை பத்தரை மணிக்கு உங்கள் வாடிக்கையாளர் சேவை எண்ணில் பேசிய தம்பியிடம், "ரோப்வே இருந்த இடத்தைப் பார்க்கத்தான் பணம் கட்டினோம், கடைசி வரை அதைக் காட்டவே இல்லையே" என்று கேட்டேன். அதற்கு அவர் சொன்ன பதிலை அப்படியே எழுதுகிறேன்: "பெருசுக்கு ரோப்வே பாக்கணும்னா பழனிக்குக் கூட்டிட்டுப் போங்க சார். அங்க இன்னும் ஓடுது." போன் ஸ்பீக்கரில் இருந்தது. அப்பா பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தார். தடவிய விரல் அப்படியே நின்றுவிட்டது. அப்புறம் வெற்றிலையை மடிக்காமலே தட்டில் வைத்துவிட்டு எழுந்து உள்ளே போனார். 40 வருடம் பள்ளிக்கூடத்தில் மணியடித்து, பிள்ளைகள் 'அய்யா' என்று கூப்பிட வாழ்ந்த மனுஷர் அவர். உங்கள் அலுவலகத்தில் அவருக்குப் பெயர் 'பெருசு'.

பழனியில் ஓடுவது சாமி பார்க்கப் போகிறவர்களுக்கான ரோப்கார். நாங்கள் பார்க்க வந்தது என்னவென்று அந்தத் தம்பிக்குத் தெரிந்திருந்தால் இப்படிப் பேசியிருக்க மாட்டார். விற்கிற பொருள் என்னவென்று விற்கிறவருக்கே தெரியவில்லை என்றால் எப்படி? மூணாறு மலைத் தேயிலையைக் கீழே இறக்க வெள்ளைக்காரக் கம்பெனி 1902-இல் மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷன் வரை ஒற்றைத் தண்டவாளம் போட்டது. வண்டியை இழுத்தவை மாடுகள். 1908-இல் அதை எடுத்துவிட்டுச் சின்ன ரயில் பாதை போட்டார்கள். 1924 வெள்ளத்தில் அந்தப் பாதை அடித்துக்கொண்டு போனது. ரயில் வந்து நின்ற இடத்திலிருந்து தேயிலைப் பெட்டிகள் கம்பிவடத்தில் தொங்கியபடி ஏறக்குறைய 5 கிலோமீட்டர் இறங்கிக் கொட்டகுடி வந்து சேரும். அங்கிருந்து போடிக்கு மாட்டு வண்டி. மேலே டாப் ஸ்டேஷன், நடுவில் சென்ட்ரல், அடியில் பாட்டம் ஸ்டேஷன் என்று அந்த ஊர்களுக்குப் பெயர் வந்ததே இதனால்தான். இதையெல்லாம் உங்கள் விளம்பரத்திலேயே படம் போட்டு எழுதியிருக்கிறீர்கள்.

அந்த அடி ஸ்டேஷனில் பெட்டி இறக்கியவர்களில் ஒருவர் என் அப்பாவின் தாத்தா. வடம் இழுக்கும் சத்தம் நின்றால் மேலே மழை என்று தெரிந்துகொள்வார்களாம். அவர் கொண்டுவந்த தேயிலைப் பெட்டியின் ஓரத்தகரம் ஒன்று, ஒரு சாண் நீளம், ஆணி அடித்த ஓட்டை மூன்று, இன்றைக்கும் எங்கள் வீட்டு அரிசிப் பானைக்குப் பின்னால் இருக்கிறது. சாகும் முன் ஒரு தடவை அந்த இடத்தில் நிற்க வேண்டும் என்பது அப்பாவின் ஆசை. வயது 72. அந்த வயதில் வரலாமா என்று பணம் கட்டும் முன்பே கேட்டேன். "தாராளமா வரலாம் சார், மெதுவா ஏறிக்கலாம்" என்றீர்கள். அதை நம்பி நான்கு மாதம் தினமும் காலையில் மலைக்கோட்டைப் படி ஏறி இறங்கிப் பழகினார். அந்தத் தகரத்தையும் ஒரு துண்டில் சுற்றிப் பையில் எடுத்து வந்திருந்தார்.

குரங்கணியில் நடந்ததைச் சொல்கிறேன். காலை ஏழு மணிக்கு வனத்துறை சோதனைச் சாவடியில் எங்கள் பதினான்கு பேர் பெயரும் இல்லை. அனுமதியே வாங்கவில்லை! உங்கள் வழிகாட்டி தன் போனையே பார்த்துக்கொண்டிருந்தார். 'வந்துடும் சார், வாட்ஸப்ல வந்துடும்' என்று ஒன்பதரை வரை இதே பேச்சு. 2018 மார்ச் 11-ஆம் தேதி இதே மலையில் காட்டுத்தீயில் சிக்கி 23 பேர் இறந்த பிறகு அங்கே அனுமதி இல்லாமல் யாரையும் விடமாட்டார்கள் என்பது போடியில் டீக்கடை வைத்திருக்கிறவருக்குக்கூடத் தெரியும். மலையேற்றம் நடத்துகிற உங்களுக்குத் தெரியாதா? வனக்காவலர் மேல் எங்களுக்கு ஒரு வருத்தமும் இல்லை. அவர் செய்தது சரி. அப்பாவை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்து, "இன்னைக்கு முடியாதுங்கய்யா, பேப்பர் சரியா இருந்தா நானே கூட வருவேன்" என்று சொன்னவரும் அவர் ஒருவர்தான்.

நாங்கள் அங்கே நிற்கும்போதே சென்ட்ரலுக்கு அரிசி மூட்டை ஏற்றிய குதிரைகள் இரண்டு மணி குலுங்க எங்களைத் தாண்டி ஏறிப் போயின. அவை திரும்பிய வளைவையே அப்பா பார்த்துக்கொண்டிருந்தார். மகள் என் கையைப் பிடித்து, "தாத்தா அழுறார்ப்பா" என்றாள்.

இந்த இடத்தில் நீங்கள் பணத்தைத் திருப்பிக் கொடுத்து அனுப்பியிருந்தால்கூட நான் இவ்வளவு தூரம் வந்திருக்க மாட்டேன். 'மாற்று ஏற்பாடு' என்று சொல்லி எல்லோரையும் வேனில் ஏற்றினீர்கள். போடிமெட்டு, பூப்பாறை, மூணாறு, மாட்டுப்பெட்டி, குண்டளை என்று ஏறக்குறைய நூறு கிலோமீட்டர் சுற்றி, சாயந்திரம் டாப் ஸ்டேஷன் வியூ பாயின்டில் இறக்கிவிட்டீர்கள். மகள் வளைவுக்கு வளைவு வாந்தி. இறங்கிப் பார்த்தால் கண்ணுக்கு முன்னால் வெறும் மூடுபனி. இருபது நிமிடம்! வழிகாட்டி, "டாப் ஸ்டேஷன் வந்தாச்சுல்ல சார், பேக்கேஜ் கம்ப்ளீட்" என்றார். ரோப்வே மிச்சங்கள் எந்தப் பக்கம் என்று அப்பா கேட்டதற்கு, பனிக்குள் சும்மா கையை நீட்டிக் காட்டினார். பையிலிருந்த தகரத்தை அப்பா வெளியே எடுக்கவே இல்லை.

எங்களுக்கு வேண்டியது வியூ பாயின்ட் என்றால் திருச்சியிலிருந்து பஸ் பிடித்து நாங்களே போயிருப்போம். நடந்து ஏறுவதற்குத்தான் உங்களிடம் வந்தோம்.

அப்புறம் மதுரை அலுவலகம். முதல் தடவை வந்தபோது மேலாளர் மீட்டிங். இரண்டாம் தடவை ஜனவரி 22, நீங்களே 'நேரில் வாருங்கள், பேசி முடித்துவிடலாம்' என்று நேரம் கொடுத்த நாள். அரை நாள் சம்பளம் போக லீவு போட்டு, பதினொரு மணிக்கு வந்து நின்றேன். கதவில் பூட்டு. கீழே இருந்த வாட்ச்மேன், "எல்லாரும் கொடைக்கானல் போயிருக்காங்க, ஆபீஸ் டூர்" என்கிறார். வெயிலில் மூன்று மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வந்த வழியே திரும்பினேன். அன்று ராத்திரி உங்களிடமிருந்து வந்தது 1,500 ரூபாய்க்கு ஒரு கூப்பன், அதுவும் 'அடுத்த டிரெக்கில் கழித்துக்கொள்ளலாம்' என்று. எந்த அடுத்த டிரெக்? பிப்ரவரியில் தீப்பருவம் என்று மலையை மூடிவிட்டார்கள். அப்பாவுக்கு முழங்கால் வீங்கி, டாக்டர் இனி மலை ஏறக் கூடாது என்று சொல்லிவிட்டார். ஒரு மனுஷரின் வாழ்நாள் ஆசையை நீங்கள் ஒரே நாளில் கொன்றுவிட்டீர்கள். அதற்கு என்ன விலை போடுவீர்கள்?

வீட்டில் இப்போது யாரும் மலை என்ற பேச்சையே எடுப்பதில்லை. அப்பாவுக்குக் கேட்காது என்று நினைத்து என் மனைவி கூப்பனைப் பற்றிப் பேசினாள். 'பெருசுக்கு எதுக்கும்மா கூப்பன்' என்றார். அந்த ஒரு வார்த்தை இன்னும் அவர் மனதில் இருக்கிறது ஐயா.

உங்கள் நிறுவனத்தில் நல்லவர்களும் இருப்பார்கள் என்று நம்புகிறேன். பதிவு செய்யும்போது பேசிய பெண் அவ்வளவு பொறுமையாகப் பேசினார். அதனால்தான் இந்தக் கடிதத்தைக்கூட முதலில் உங்களுக்கே எழுதுகிறேன். நான் கேட்பது இவ்வளவுதான். 14,550 ரூபாய் முழுப் பணம் வேண்டும், கூப்பன் வேண்டாம். மதுரைக்கு இரண்டு தடவை வந்து போன செலவு 1,840 ரூபாய். அனுமதி வாங்காமல் எங்களை ஏன் கூட்டிப் போனீர்கள் என்பதற்கு எழுத்தில் விளக்கம் வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஜனவரி 7-ஆம் தேதி அந்த அழைப்பை எடுத்தவர் என் அப்பாவிடம் நேரடியாகப் பேசி மன்னிப்புக் கேட்க வேண்டும். பணம் நாலு நாள் தாமதமானாலும் பரவாயில்லை, இது தாமதமாகக் கூடாது.

கடிதம் கிடைத்து 15 நாளுக்குள் பதில் வராவிட்டால் 1915 நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்துவிட்டு, திருச்சி மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் வழக்குப் போடுவேன். 2019 சட்டப்படி நான் குடியிருக்கும் ஊரிலேயே போடலாம், இந்தத் தொகைக்குக் கட்டணமும் கிடையாது. விசாரணைக்கு நீங்கள்தான் மதுரையிலிருந்து இங்கே வர வேண்டியிருக்கும். அனுமதி இல்லாமல் பதினான்கு பேரைக் காட்டு வாசல் வரை கூட்டிவந்ததை தேனி மாவட்ட வன அலுவலருக்கும் ஆட்சியருக்கும் தனித்தனியாக எழுதுவேன். அந்த இரண்டு கடிதமும் தயாராக மேசை மேல் இருக்கின்றன, தபால் தலை ஒட்டியாகிவிட்டது.

ரசீது, அட்டவணை, போன் அழைப்புப் பட்டியல், ஜனவரி 22 பஸ் டிக்கெட் ஆகியவற்றின் நகல்களை இணைத்திருக்கிறேன். அப்பா காலை எட்டு மணிக்கு மேல் வீட்டில்தான் இருப்பார். மன்னிப்புக் கேட்கிறவர் அந்த நேரத்தில் கூப்பிடச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்,
திருச்சி.