ஞாயிறு வாசிப்பு: சவுலும் தாவீதும்

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். இந்த ஞாயிறு பைபிளில் 1 சாமுவேல் 15-ஆம் அதிகாரம், கூடவே 2 சாமுவேல் 12. இரண்டையும் ஒரே மூச்சில் படித்துவிட்டு வாருங்கள், ரொம்ப நேரம் ஆகாது.

ஏன் சேர்த்துப் படிக்கச் சொல்கிறேன் என்றால், இஸ்ரவேலின் முதல் ராஜா சவுலும் "பாவஞ்செய்தேன்" என்கிறான், பின்னால் ராஜாவான தாவீதும் அதையேதான் சொல்கிறான். ஆனால் சவுல் அந்த வார்த்தைக்கு வருவதற்குள் எத்தனை சுற்று! இஸ்ரவேலின் எதிரிகளான அமலேக்கியரின் ஆடுமாடு எதையும் விட்டுவைக்காதே என்பது கர்த்தர் சவுலுக்குக் கொடுத்த கட்டளை (கட்டளையே கடுமையானது, அதையும் பேசத்தான் வேண்டும்). நல்லதையெல்லாம் ஓட்டிக்கொண்டு வந்துவிட்டு, கர்த்தர் சொன்னபடி செய்துவிட்டேன் என்று அந்தக் கட்டளையைக் கொண்டுவந்த தீர்க்கதரிசி சாமுவேலிடமே சொல்கிறான், அந்தப் பக்கம் ஆடு கத்துவது காதில் விழுகிறது. அப்புறம் ஜனங்கள்மேல் பழி, பலியிடத்தான் கொண்டுவந்தார்கள் என்று ஒரு சாக்கு. ஒப்புக்கொண்ட பிறகும், மூப்பர் முன்னால் என் மரியாதையைக் காப்பாற்றும் என்கிறான். தாவீது, தன் பாவத்தைச் சுட்டிக்காட்டிய தீர்க்கதரிசி நாத்தானிடம் சொன்னது ஒரே வரி. இத்தனைக்கும் அவன் தன் போர்வீரன் உரியாவின் மனைவியை எடுத்துக்கொண்டு, உரியாவைச் சாகடித்தவன். எனக்கு அது இன்னும் உறுத்துகிறது.

1 சாமுவேல் 15-இன் 22-ஆம் வசனத்தில் 'கீழ்ப்படிதல்' என்று வருமிடத்தில் எபிரெயத்தில் 'ஷாமா', அதாவது கேட்பது. வீட்டில் "சொன்னா கேளு" என்கிறோமே, அதே கேட்பதுதான். மனந்திரும்புவதற்கு எபிரெயத்தில் வழக்கமான சொல் 'ஷூவ்', திரும்புவது. சவுலும் அதைச் சொல்கிறான், ஆனால் சாமுவேலைப் பார்த்து: என்னோடு திரும்பி வாரும் என்று.