'யாண்டர்' என்றால் வெறும் தொலைவு அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற இதழின் கேள்வி-பதில் பகுதியில், 'யாண்டர்' என்ற பழைய ஆங்கிலச் சொல்லுக்குப் பொருள் கேட்ட மாணவிக்கு 'தொலைவில்' என்று ஒரே சொல்லில் பதில் தந்திருந்தீர்கள். அந்தப் பதிலில் சொல்லின் உயிர் விடுபட்டுப் போயிற்று. நெடுங்காலம் ஆங்கிலம் கற்பித்தவன் என்ற உரிமையில் இதை எழுதுகிறேன்.

வெறும் தொலைவைச் சொல்ல ஆங்கிலத்தில் 'அஃபார்' இருக்கிறது. 1611-இல் வெளிவந்த கிங் ஜேம்ஸ் பைபிளில், ஆதியாகமம் 22-ஆம் அதிகாரத்தில், இந்த இரண்டு சொற்களும் அடுத்தடுத்த வசனங்களில் வருகின்றன. மூன்றாம் நாள் ஆபிரகாம் கண்களை ஏறெடுத்து, போக வேண்டிய இடத்தைத் தூரத்தில் காண்கிறார்; அங்கே 'அஃபார்'. பிறகு வேலைக்காரர்களைக் கழுதையோடு நிற்கச் சொல்லி, தானும் பையனும் 'யாண்டர்' போய்த் தொழுதுவிட்டு வருவதாகச் சொல்கிறார். முன்னது ஒருவர் கண்டது. பின்னது அவர் பிறருக்குச் சுட்டிக் காட்டுவது. இருக்கும் இடத்துக்கும் போகும் இடத்துக்கும் இந்த ஒரே சொல் பொருந்தும். 'ஹிதர்', 'திதர்' அப்படியல்ல. அவை 'இங்கு நோக்கி', 'அங்கு நோக்கி' என்று நகர்வை மட்டுமே குறிப்பவை.

ஷேக்ஸ்பியரின் ரோமியோ, ஜூலியட் வீட்டுத் தோட்டத்தில் நின்றபடி ஜன்னலில் தெரியும் வெளிச்சத்தைப் பார்த்துப் பேசும்போதும் 'யாண்டர்' வருகிறது, அங்கே பெயரடையாக. ஜன்னல் அப்படியொன்றும் தூரத்தில் இல்லை. தலையை நிமிர்த்தினால் தெரிகிறது. அதைத் 'தொலைவிலுள்ள ஜன்னல்' என்று மொழிபெயர்த்தால் காட்சியே கெட்டுப்போகும்.

இதற்கு நேரான சொல் நம்மிடம் இருக்கிறது: 'அதோ'. எங்கள் நெல்லைப் பேச்சில் 'அந்தா'. "அந்தா, புளியமரத்துக்கு அந்தப் பக்கம்" என்று பெரியவர்கள் வழி சொல்லும்போது, தூரம் கூடக் கூட 'தா' நீளும், கையும் உயரும். 'யாண்டர்' செய்வதும் இதே வேலைதான்.

நம் பழைய உகரச் சுட்டையும் இதையும் ஒன்றாக்கிவிடக் கூடாது. தொல்காப்பியம் அ, இ, உ மூன்றையும் சுட்டு என்கிறது; யாழ்ப்பாணத்தார் பேச்சில் 'உது', 'உங்கை' இன்றும் புழங்குகின்றன. அவர்களின் 'உது' கேட்பவர் பக்கத்தில் இருப்பதைக் குறிக்கும். 'யாண்டர்' இருவருக்குமே அப்பால் இருப்பது. 'எங்கே' என்னும் பொருளுள்ள நம் 'யாண்டு' காதுக்கு அதேபோல் ஒலித்தாலும் உறவு கிடையாது. 'அந்த' என்று பொருள்படும் ஜெர்மன் 'யேனர்'தான் இதன் சொந்தம்.

'வழக்கொழிந்த சொல்' என்று குறித்திருந்தீர்கள். எழுத்தில் அருகிவிட்டது உண்மை. அமெரிக்காவின் தென் மாநிலங்களிலும் அப்பலாச்சிய மலைப்பகுதியிலும் 'ஓவர் யாண்டர்' இன்னமும் வாய்ப்பேச்சில் இருக்கிறது. 'பழஞ்சொல், வட்டார வழக்கில் உண்டு' என்று குறிப்பதே சரி.

அந்த மாணவி உங்கள் பதிலை நோட்டில் எழுதி வைத்திருப்பார். அடுத்த இதழில் 'அதோ, அதோ அங்கே' என்ற பொருளையும் சேர்த்து வெளியிட வேண்டுகிறேன்.

ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர்,
பாளையங்கோட்டை.