உள்ளூர் அனுபவம் கேட்கும் தொழிற்சாலை மேலாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

புரொடக்‌ஷன் மேனேஜர், எச்ஆர், ஷிப்ட் சூப்பர்வைசர், ஆள் அனுப்பும் ஏஜென்சிக்காரர், இதில் நீங்கள் யாராக இருந்தாலும் சரி, ஒருவனை மெஷினில் விடலாமா வேண்டாமா என்று முடிவெடுக்கும் இடத்தில் இருந்தால் இந்தக் கடிதம் உங்களுக்குத்தான். நான் பதினான்கு வருஷம் சிஎன்சி (கம்ப்யூட்டர் கட்டளையில் ஓடும்) லேத்திலும் மில்லிங்கிலும் நின்றுவிட்டு நாடு மாறி வந்தவன். என் பயோடேட்டாவைப் புரட்டிய எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்: "இந்த நாட்டில் எத்தனை வருஷ அனுபவம்?" இறங்கி மூன்று வாரம் ஆனவன் என்ன சொல்வது? பூஜ்யம் என்றேன். அப்புறம் பதினொரு மாதம் பேக்கிங் டேபிளில் அட்டைப்பெட்டிக்கு டேப் ஒட்டினேன். அங்கிருந்து இருபதடி தள்ளி ஒரு மில்லிங் மெஷின் சும்மா நின்றது. ஓட்ட ஆள் கிடைக்கவில்லையாம்.

அந்த மெஷின் எனக்குத் தெரிந்த மெஷின். கன்ட்ரோல் பேனலில் இருந்த எழுத்துகள்கூட மாறவில்லை. ஜி01 என்ற கட்டளை கொடுத்தால் டூல் நேர்கோட்டில் வெட்டிக்கொண்டு போகும், ஜி54 கொடுத்தால் ஜாப்பின், அதாவது வெட்டும் துண்டின், பூஜ்யப் புள்ளியை எடுத்துக்கொள்ளும், எந்த நாட்டில் நின்று கொடுத்தாலும். டூலின் வெட்டுமுனையான இன்செர்ட் மழுங்கினால் வரும் சத்தமும் அதேதான். பேக்கிங் டேபிளில் நின்றுகொண்டே, பக்கத்து மெஷினில் டூல் மாற்ற நேரமாகிவிட்டது என்று காதாலேயே கண்டுபிடித்திருக்கிறேன். யாரிடம் போய்ச் சொல்வது, நான் டேப் ஒட்டுகிறவன்.

வித்தியாசமே இல்லை என்று சாதிக்க வரவில்லை. அதற்கு நானே ஒரு பீஸைக் காவு கொடுத்திருக்கிறேன். வேறொரு இடத்தில் ஒருவழியாக என்னை மெஷினில் விட்ட மூன்றாவது நாள். ஒரு ஸ்டீல் பிராக்கெட், பக்கவாட்டில் ஒரு துளை. டிராயிங்கைப் பார்த்தேன், ஃபிக்சரில் கட்டினேன், துளை போட்டேன், அளந்தேன். அளவு சுத்தமாக இருந்தது. துளைதான் எதிர்ப்பக்கத்தில் இருந்தது. நான் படித்தது ஃபர்ஸ்ட் ஆங்கிள் முறை. இந்தியாவிலும் ஐரோப்பாவிலும் பெரும்பாலும் அதுதான். அதில் வலப்பக்கமிருந்து பார்த்தால் தெரிவதை முன்தோற்றத்துக்கு இடப்பக்கம் வரைவார்கள். அமெரிக்கா, கனடா, ஜப்பானில் தேர்ட் ஆங்கிள். வலப்பக்கம் தெரிவதை வலப்பக்கத்திலேயே வரைவார்கள். எந்த முறை என்று காட்ட, டிராயிங்கின் விவரக் கட்டமான டைட்டில் பிளாக்கின் ஒரு மூலையில் சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு மொட்டைக் கூம்பும், பக்கத்தில் ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு வட்டமும் இருக்கும். வட்டம் கூம்புக்கு எந்தப் பக்கம் நிற்கிறது என்பதில்தான் விஷயமே. அதைப் பார்க்காதது என் தப்பு, ஒத்துக்கொள்கிறேன். பதினான்கு வருஷமாக அந்த மூலையைப் பார்க்கும் அவசியமே எனக்கு வந்ததில்லை. ஆனால் ஃபோர்மேன் சொன்னது, "இவனுக்கு டிராயிங் படிக்கத் தெரியாது." கூம்பு சமாச்சாரத்தை எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் பக்கத்து மெஷின்காரர். இடைவேளையில், கை துடைக்கும் காகிதத்தில் வரைந்து காட்டினார். நான்கு நிமிஷம் ஆகியிருக்கும்.

நீங்கள் வருஷக்கணக்கில் கேட்கும் உள்ளூர் அனுபவம் என்பதில் பெரும்பகுதி இப்படிப்பட்ட நான்கு நிமிஷங்கள்தான் என்பது என் கணக்கு. இன்னொன்று சொல்கிறேன். அங்குலத்தில் வேலை நடக்கும் ஷாப்பில் 'டென்த்' என்றால் பத்தில் ஒன்று இல்லை, அங்குலத்தில் பத்தாயிரத்தில் ஒன்று. "இன்னும் ரெண்டு டென்த் எடு" என்று சூப்பர்வைசர் போகிறபோக்கில் சொல்லிவிட்டுப் போவார். அவர் கேட்டது 5 மைக்ரான், அதாவது 0.005 மி.மீ. மில்லிமீட்டரில் வளர்ந்தவன் காதில் அது 0.2 மி.மீ. என்று விழும், கிட்டத்தட்ட நாற்பது மடங்கு. நல்லவேளை, ஜாப்பில் அவ்வளவு மெட்டீரியலே மிச்சமில்லையே என்று சந்தேகம் வந்து நான் திரும்பக் கேட்டுவிட்டேன். கேட்டதற்கு ஒரு முறைப்பு கிடைத்தது, அது போகட்டும். ஒரு மென்பொருள் பவுண்டுக் கணக்கில் கொடுத்ததை இன்னொன்று நியூட்டன் கணக்கு என்று எடுத்துக்கொண்டதில் 1999-ல் நாசா ஒரு செவ்வாய் விண்கலத்தையே தொலைத்தது. அவர்களுக்கு வேலை தெரியாது என்று யாரும் சொல்லவில்லை.

வெல்டர்களைப் பாருங்கள், அவர்கள் விஷயத்தில் நீங்கள் எவ்வளவு நியாயமாக நடக்கிறீர்கள். வெல்டர்களுக்கான சர்வதேசத் தரமான ஐஎஸ்ஓ 9606 மாதிரியான தேர்வில் இரண்டு பிளேட்டைக் கொடுத்து ஒட்டச் சொல்கிறீர்கள், பட்டையாக அறுத்து வளைத்துப் பார்க்கிறீர்கள், 3 மில்லிமீட்டர் அளவுக்கு வாய் பிளந்தால் ஃபெயில், பிளக்காவிட்டால் பாஸ். எங்கே கற்றாய் என்று அந்தப் பிளேட் கேட்பதில்லை. மெஷினிஸ்ட் வந்தால் மட்டும் ஏன் காகிதத்தை வளைத்து வளைத்துப் பார்க்கிறீர்கள்?

சட்டம்கூட மெதுவாக இந்தப் பக்கம் வருகிறது. 'கனடிய அனுபவம்' கேட்பது பாகுபாடு ஆகலாம் என்று ஒன்டாரியோவின் மனித உரிமை ஆணையம் 2013-லேயே கொள்கை வெளியிட்டது. ஜெர்மனியில் வெளிநாட்டில் கற்ற தொழிலை ஒப்பிட்டுப் பார்த்து அங்கீகரிக்க 2012 முதல் தனிச் சட்டம் இருக்கிறது. ஆனால் கேள்வியை விளம்பரத்திலிருந்து எடுத்துவிட்டு இன்டர்வியூவில் கேட்டால் என்ன பிரயோஜனம்?

பாதுகாப்பு விஷயத்தில் மட்டும் நீங்கள் எங்களை லேசில் விடக்கூடாது. இது எங்கள் பக்கத்துக் குறை. முன்பு நான் இருந்த இடத்தில் மெஷினுக்குள் கை வைக்கவேண்டி வந்தால் மெயினை அணைத்துவிட்டு, யாரும் போட்டுவிடாமல் இருக்க ஒரு பையனை ஸ்விட்ச் பக்கத்தில் நிறுத்துவோம். அந்தப் பையன் ஒருநாள் நகர்ந்திருந்தால் இந்தக் கடிதத்தை ஒரு கையால் எழுதிக்கொண்டிருப்பேன். இங்கே வந்துதான் என் பெயர் எழுதிய பூட்டை முதன்முதலாக ஐசோலேட்டரில், அதாவது மெஷினின் மெயின் ஸ்விட்சில், மாட்டினேன். சாவி என் சட்டைப்பையில், என்னைத் தவிர யாரும் திறக்கக்கூடாது. அன்றைக்கு வேலை முடியும்வரை அந்தச் சாவியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆனால் அதைச் சொல்லித்தரும்போது "புரிந்ததா?" என்று மட்டும் கேட்காதீர்கள். புதிதாக வந்தவனிடம் அதற்கு ஒரே பதில்தான் இருக்கிறது, "ஆமாம்". இல்லை என்றால் நாளைக்கு வரவேண்டாம் என்று சொல்லிவிடுவீர்களோ என்ற பயம். அதற்குப் பதிலாக "எங்கே, செய்து காட்டு" என்று கேளுங்கள். பாஷை தடுமாறுகிறவனும் பூட்டை மாட்டிக் காட்டிவிடுவான், புரியாமல் தலையாட்டியவன் அங்கேயே மாட்டிக்கொள்வான்.

இப்போது நான் மெஷினில்தான் இருக்கிறேன், செட்டிங்கும் பார்க்கிறேன். எனக்காகக் கேட்கவில்லை. அதே பேக்கிங் டேபிளில் இப்போது நிற்பவர் ஒன்பது வருஷம் கிரைண்டிங் பார்த்தவர். கூட இருக்கும் இன்னொருவர் டூல்ரூம் ஆள். இருவருக்கும் ஆளுக்கு இரண்டு மணி நேரம் கொடுங்கள். கிரைண்டிங்காரருக்கு ஒரு கடினப்படுத்திய ஷாஃப்ட், டூல்ரூம்காரருக்கு ஒரு அலுமினியக் கட்டை, ஆளுக்கொரு டிராயிங். சனிக்கிழமை காலையோ, இரவு ஷிப்ட் முடிந்த பிறகோ, உங்கள் வசதி. மைக்ரோமீட்டரை அவர்களே கொண்டுவருவார்கள். கூம்பைப் பற்றி நான் ஏற்கெனவே சொல்லிவைத்துவிட்டேன்.