கணப்புக்குப் பொருந்தாத ஆறு அங்குலக் குழாயும் நான்கு மாத அலைச்சலும்

அனுப்புநர்: குன்னூர் வாடிக்கையாளர் (முகவரியும் பில் நகலும் இணைப்பில்)
பெறுநர்: பொது மேலாளர் அவர்கள், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு, கோயம்புத்தூர்
நாள்: 20.01.2025
பொருள்: வீட்டுக் கணப்பின் புகைக்கூண்டுக்குள் இறக்கிய எஃகு லைனர் (உட்குழாய்) தவறான அளவில், தவறான தரத்தில், தலைகீழாகப் பொருத்தப்பட்டது குறித்து.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். உங்கள் நிறுவனத்துக்கு நான் எழுதும் மூன்றாவது கடிதம் இது. முன்பு மின்னஞ்சலில் அனுப்பிய இரண்டுக்கும் "தங்கள் கருத்துக்கு நன்றி" என்று பதில் வந்தது, அதுவும் ஒரு நிமிடத்துக்குள். மூன்று பக்கக் கடிதத்தை ஒரு நிமிடத்தில் படிக்கக்கூடியவர் உங்களிடம் இருந்தால் அவருக்கு என் பாராட்டு. இந்த முறை பதிவுத் தபாலில், ஒப்புகை அட்டையுடன் அனுப்புகிறேன். யாராவது கையெழுத்துப் போட்டுத்தானே ஆக வேண்டும்?

எங்கள் வீடு வெள்ளைக்காரர் காலத்தில் ஒரு தேயிலைத் தோட்ட மேலாளருக்காகக் கட்டியது. கூடத்தில் திறந்த கணப்பு ஒன்று உண்டு. அதன் மேல் 24 அடி உயரத்துக்குச் செங்கல் புகைக்கூண்டு. உள்சுவரில் பூசியிருந்த சுண்ணாம்புக் காரை உதிர்ந்து, செங்கல் இடுக்குகள் வழியாகப் புகை கசிந்து, மாடி அறைச் சுவரில் பழுப்புக் கறை படர ஆரம்பித்தது. "உள்ளே எஃகுக் குழாய் இறக்காமல் இனி நெருப்பு மூட்டாதீர்கள்" என்று கொத்தனார் சொன்னார். அந்தக் கொத்தனாருக்குத் தெரிந்ததில் பாதி உங்கள் நிறுவனத்துக்குத் தெரிந்திருந்தால் இந்தக் கடிதமே தேவைப்பட்டிருக்காது.

2024 செப்டம்பரில் உங்கள் படிவத்தை என் கையால் நிரப்பிக் கொடுத்தேன். கணப்பின் வாய் 34 அங்குல அகலம், 26 அங்குல உயரம். கூண்டின் உள்ளளவு 14க்கு 14. ஒரு பக்கம் வெளிச்சுவர். எரிப்பது சீகை மரமும் கற்பூர (யூகலிப்டஸ்) மரமும். கண்ணாடிக் கதவு வைத்த அடுப்பு அல்ல, திறந்த கணப்பு என்று அடிக்கோடிட்டும் எழுதினேன். உங்கள் விற்பனையாளர் அதைப் பார்த்துவிட்டு ஆறு அங்குலக் குழாய் என்று குறித்தார். போதுமா என்று கேட்டேன். "எல்லாருக்கும் ஆறு அங்குலம்தான் சார்" என்றார். செருப்புக் கடையில்கூட இப்படிச் சொல்ல மாட்டார்கள்.

கணக்கைப் பாருங்கள். கணப்பின் வாய் 884 சதுர அங்குலம். திறந்த கணப்புக்கு வட்டக் குழாய் போட்டால் அதன் பரப்பு வாயின் பரப்பில் பன்னிரண்டில் ஒரு பங்காவது இருக்க வேண்டும் என்பது இந்தத் தொழிலின் பழைய கணக்கு. பத்தில் ஒரு பங்கு வேண்டும் என்பாரும் உண்டு. குறைந்தபட்சம் என்று எடுத்துக்கொண்டாலும் 74 சதுர அங்குலம் வேண்டும். பத்து அங்குலக் குழாய் 78 தரும். ஆறு அங்குலக் குழாய் தருவது 28. அதாவது முப்பதில் ஒரு பங்குகூட இல்லை. மேலே போக வழியில்லாத புகை எங்கே போகும்? எங்கள் கூடத்துக்குத்தான் வந்தது. கதவு மூடிய அடுப்புக்கு ஆறு அங்குலம் சரி. பெரும்பாலும் அதன் புகைவாய் அளவே அதுதான். இதை உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியிருக்கிறது. 68,500 ரூபாய் வாங்கியவர் நீங்கள்.

இங்கே அந்தத் தொலைபேசிப் பெண்மணியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். வரிசைப்படி பிறகு வர வேண்டிய விஷயம்தான், ஆனால் அவர் குரல் இன்னும் காதைவிட்டுப் போகவில்லை. டிசம்பர் 23ஆம் தேதி காலை, 40 நிமிடம் பாட்டுக் கேட்டுக் காத்திருந்த பிறகு அவர் பேசினார். கூடமெல்லாம் புகை என்றேன். "சார், சிம்னி என்றால் புகை வரத்தானே செய்யும்?" என்றார். புகை வெளியே போக வேண்டும் அம்மா, உள்ளே வரக்கூடாது என்றேன். "குளிர் தாங்கவில்லை என்றால் ஹீட்டர் வாங்கிக்கொள்ளுங்கள், இந்த வயதில் எதற்கு விறகு?" என்று சொல்லி இணைப்பைத் துண்டித்தார். எனக்கு 67 வயது. அரவங்காட்டுத் தொழிற்சாலையில் 31 ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். அங்கே எந்த அதிகாரியும் என்னிடம் இந்தத் தொனியில் பேசியதில்லை. அந்த உரையாடலை நீங்கள் பதிவு செய்திருப்பீர்கள், உங்கள் அறிவிப்பே அப்படித்தான் சொல்கிறது. தயவுசெய்து எடுத்துக் கேளுங்கள்.

நவம்பர் 9ஆம் தேதி குழாய் இறக்க இரண்டு தம்பிகள் வந்தார்கள். அதற்கு முன் மூன்று தடவை தேதி கொடுத்துவிட்டு வரவில்லை. ஒரு தடவை மழை, ஒரு தடவை வண்டிக்கு இ-பாஸ் கிடைக்கவில்லை, மூன்றாவது தடவைக்குக் காரணமே இல்லை. வந்தவர்கள் நல்ல பிள்ளைகள், அவர்கள்மேல் எனக்குக் கோபமில்லை. கூரைமேல் ஏறி இரண்டே மணி நேரத்தில் குழாயை இறக்கி, மூடி மாட்டி, கையெழுத்து வாங்கிக்கொண்டு கிளம்பினார்கள். குழாயைச் சுற்றி இடைவெளியில் எதையும் நிரப்பவில்லையே என்று கேட்டேன். "எங்களிடம் கொடுத்தது இவ்வளவுதான் ஐயா" என்றார்கள்.

உங்கள் விளக்கச் சிற்றேட்டின் நான்காம் பக்கத்தில் என்ன போட்டிருக்கிறது? வெளிச்சுவரை ஒட்டிய புகைக்கூண்டு என்றால் குழாயைச் சுற்றி வெர்மிகுலைட் (வெப்பத்தை எளிதில் கடத்தாத கனிமத் துகள்) நிரப்ப வேண்டும் அல்லது செராமிக் இழைப் போர்வை சுற்ற வேண்டும் என்று போட்டிருக்கிறது. காரணம் எளிது. குழாய் குளிர்ந்துபோனால் புகையில் உள்ள ஈரமும் தாரும் அதன் உட்சுவரில் படியும். அந்தத் தார்தான் கிரியோசோட். கெட்டியாகப் படிந்தபின் அதில் தீப்பிடித்தால் கூண்டே எரியும். குன்னூர் மார்கழிக் குளிரில் வெறும் தகட்டுக் குழாயை வெளிச்சுவரோரம் நிறுத்தி வைத்தால் என்ன ஆகும் என்பதை உங்கள் சிற்றேட்டை எழுதியவர் அறிந்திருக்கிறார். அவரை ஒரு நாளாவது சேவைப் பிரிவில் உட்கார வைத்திருக்கலாம்.

டார்ச் அடித்துப் பார்த்தபோது இன்னொன்று தெரிந்தது. குழாயின் மேல் அச்சிட்ட அம்புக்குறி புகை போகும் திசையில், மேல்நோக்கி இருக்க வேண்டும். உள் தகட்டின் மடிப்புகள் அதற்கேற்பத்தான் அமைந்திருக்கின்றன. எங்கள் வீட்டில் அம்பு என் காலைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது. குழாய் தலைகீழ்! சொட்டுகிற தார் மடிப்புகளில் தேங்கிக் கணப்பின் தரையில் கறுப்பாக வழிகிறது. அந்த நாற்றம் சாம்பிராணி போட்டாலும் போகவில்லை.

விறகு ஈரம் என்று மட்டும் தயவுசெய்து சொல்லாதீர்கள். இரண்டாவது தொலைபேசி ஆள் அதைத்தான் சொன்னார். போன ஆண்டு மழைக்கு முன் பிளந்து, கொட்டகையில் அடுக்கி உலர்த்திய சீகை அது. மூன்றாவது ஆள் குரங்கு ஏறி மூடியைத் திருப்பியிருக்கும் என்றார். குன்னூரில் குரங்கு உண்டு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எட்டு மீட்டர் குழாயை உருவித் தலைகீழாக மாட்டும் குரங்கை நான் இன்னும் பார்க்கவில்லை.

டிசம்பர் 12ஆம் தேதி, முதல் புகாருக்குப் பதிலாக ஒருவரை அனுப்பினீர்கள். வந்தவர் நேராகச் சமையலறைக்குப் போய் "அடுப்பு எங்கே அம்மா?" என்று என் மனைவியிடம் கேட்டார். அவர் கையில் எண்ணெய்ப் பிசுக்கு எடுக்கும் திரவம். சமையலறைச் சிம்னி எங்கள் வீட்டில் இல்லை, எங்களுக்கு ஜன்னலே போதும். கூடத்துக்கு அழைத்து வந்து கணப்பைக் காட்டினேன். குனிந்து மேலே பார்த்தார். "இது எங்கள் பொருளா சார்?" என்று என்னிடமே கேட்டார். தேநீர் குடித்துவிட்டு, வந்துபோன கட்டணம் 450 ரூபாய் வாங்கிக்கொண்டு போனார். மறுநாள் வந்த குறுஞ்செய்தியில் "பேஃபிள் ஃபில்டர் சுத்தம் செய்யப்பட்டது, புகார் முடித்துவைக்கப்பட்டது" என்றிருந்தது. இல்லாத ஃபில்டரைச் சுத்தம் செய்ததற்கு நான் 450 ரூபாய் கொடுத்திருக்கிறேன்.

அதற்குப் பிறகுதான் டிசம்பர் 22, ஞாயிறு. சம்பந்தி வீட்டார் முதல்முறையாக எங்கள் வீட்டில் தங்க வந்திருந்தார்கள். கணப்பருகே உட்கார வேண்டும் என்று அவர்களே ஆசைப்பட்டார்கள். ஜன்னலைச் சற்றுத் திறந்து வைத்தால் சமாளிக்கலாம் என்று நினைத்தது என் தவறு. கால் மணி நேரத்தில் எதிரே இருப்பவர் முகம் தெரியவில்லை. சம்பந்தி அம்மாவின் காஞ்சிபுரம் பட்டில் இன்னும் புகை நாற்றம். பேரனுக்குத் தலைவலி. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. தூங்கும்போது ஆளை எடுத்துவிடும். அன்றிரவு நெருப்பை அணைக்காமல் படுத்திருந்தால் மூன்று தலைமுறையும் ஒரே இரவில் முடிந்திருக்கும். மறுநாள் காலை முதல் வேலையாக உங்களைத் தொலைபேசியில் அழைத்தேன். கிடைத்த பதிலை மேலே எழுதிவிட்டேன். புகை வரத்தானே செய்யும்!

டிசம்பர் 28ஆம் தேதி நேரிலேயே வந்தேன். விடிவதற்கு முன் பஸ் ஏறி, உங்கள் ஆட்கள் வெட்டிப் போட்டுவிட்டுப் போன ஒரு அடிக் குழாய்த் துண்டை மடியில் வைத்துக்கொண்டு மேட்டுப்பாளையம், அங்கிருந்து கோவை காந்திபுரம். சனிக்கிழமை இங்கே ஷோரூம் மட்டும்தான், சேவைப் பிரிவு அவினாசி சாலையில் என்றார் காவலாளி. ஆட்டோவுக்கு 280 ரூபாய் கொடுத்துப் போனேன். சிம்னிப் பிரிவு காந்திபுரத்துக்கே மாறிவிட்டது என்றார்கள் அங்கே. திரும்பவும் காந்திபுரம். மாலை நான்கு மணிக்கு ஓர் இளைஞர் வந்து திங்கட்கிழமை வரச் சொன்னார். புத்தாண்டுக் கூட்டம், பர்லியாறு தாண்டுவதற்குள் வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக நின்றுவிட்டன. வீடு சேர இரவு பத்தரை. மனைவி கதவைத் திறந்து, என் கையில் இருந்த அதே துண்டைப் பார்த்துவிட்டு எதுவும் கேட்காமல் சோறு போட்டாள்.

ஒரு பலன் உண்டு. நடுவில், கோவை கணபதி பகுதியில் பட்டறை வைத்திருக்கும் நண்பரிடம் அந்தத் துண்டைக் காட்டினேன். பில்லில் 316 தர எஃகு என்று போட்டிருக்கிறீர்கள். 316இல் இரண்டு, மூன்று சதவீதம் மாலிப்டினம் என்ற உலோகம் இருக்கும். விறகுப் புகையின் அமிலத்தைத் தாங்குவதற்காகத்தான் கூடுதல் விலை. நண்பர் சொட்டுத் திரவம் விட்டுப் பார்த்தார். மாலிப்டினம் இருந்தால் நிறம் மாற வேண்டும், மாறவில்லை. இதை அந்த இளைஞரிடம் சொன்னபோது மேசையிலிருந்த காந்தத்தை எடுத்து வைத்து "ஒட்டவில்லை பாருங்கள், 316 தான்" என்றார். 304இலும் காந்தம் ஒட்டாது, பாத்திரக் கடை 202இலும் அநேகமாக ஒட்டாது. இரும்போடு 31 ஆண்டுகள் வாழ்ந்தவனிடம் காந்த வித்தை காட்டுகிறீர்களா?

கோபத்தில் வார்த்தை மிஞ்சியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். தவறைத் திருத்த உங்களுக்கு வாய்ப்புத் தரவே விரும்புகிறேன். நீங்கள் செய்ய வேண்டியது இதுதான். இந்தக் குழாயை உங்கள் செலவில் எடுத்துவிட்டு, உண்மையான 316 தரத்தில் பத்து அங்குலக் குழாயை அம்பு மேல்நோக்கி இறக்கி, சுற்றிலும் வெர்மிகுலைட் நிரப்பி, தார் படிந்த கணப்பைச் சுத்தம் செய்து கொடுங்கள். 14 அங்குலக் கூண்டில் அதற்குத் தாராளமாக இடமிருக்கிறது. முடியாது என்றால் 68,500 ரூபாயையும், இல்லாத ஃபில்டருக்கு வாங்கிய 450 ரூபாயையும் திருப்பிக் கொடுத்துவிட்டுக் குழாயை எடுத்துச் செல்லுங்கள். அந்தப் பெண்மணி ஒருமுறை என்னை அழைத்து வருத்தம் தெரிவித்தால் மகிழ்வேன்.

பதினைந்து நாள் பார்ப்பேன். அதற்குள் பதில் இல்லையென்றால் முதலில் 1915 என்ற நுகர்வோர் உதவி எண், பிறகு உதகமண்டலத்தில் உள்ள மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி நான் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். ஒவ்வொரு வாய்தாவுக்கும் மலையேற வேண்டியவர்கள் நீங்கள். ஐந்து லட்சம் வரை கட்டணமும் கிடையாது. அங்கே போனால் 68,500 என்று கேட்க மாட்டேன். கூடத்துக்கு வெள்ளையடித்தது, திரைச்சீலைகள், சம்பந்தி அம்மாவின் பட்டுப்புடவை, என் தந்தையின் புகைப்படம், பஸ், ஆட்டோ, மன உளைச்சல் எல்லாம் சேர்த்து 3,12,000 ரூபாய் கணக்கு எழுதி வைத்திருக்கிறேன். சம்பந்தி முன்னால் போன மானத்துக்கு அதில் விலை போடவில்லை.

ஆள் அனுப்புவதாக இருந்தால் மாலை நான்கு மணிக்குள் வரும்படி அனுப்புங்கள். அதற்குமேல் பனிமூட்டம், கூரையில் ஏற முடியாது. எண்ணெய்ப் பிசுக்குத் திரவம் வேண்டாம்.

இப்படிக்கு,
கணப்பு இருந்தும் கம்பளியோடு உட்கார்ந்திருக்கும் உங்கள் வாடிக்கையாளர்

பி.கு.: குழாய்த் துண்டை நீளவாக்கில் இரண்டாக அறுத்து ஒரு பாதியை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். நல்ல ஆய்வகத்தில் கொடுத்துச் சோதித்துப் பாருங்கள், காந்தம் வேண்டாம். மறு பாதி என் பீரோவில் பத்திரமாக இருக்கிறது.