பாலத்துக்கு அந்தப் பக்கம்

அடியே செல்வி,

நாலு மாசமா பதில் போடலன்னு திட்டணும்னா முழுசா படிச்சிட்டு திட்டு. எல்லாரும் நல்லாருக்கோம். அம்மா இங்க வந்து ஆறு வாரம் ஆச்சு, குளிர்தான் ஒத்துக்கல. முறுக்கு உடையாம வந்து சேந்துச்சு. பச்சைக்கிளி மேடம் ரிட்டையர் ஆயிட்டாங்களாமே, நெஜமா? அந்த ஸ்கேல யாருக்கு எழுதி வச்சாங்க?

சரி, விஷயம். போன ஞாயித்துக்கிழமை வாசல்ல வச்சு அம்மா கவினுக்கு முதுகுல ஒண்ணு வச்சாங்க. கார் வர்ற நேரத்துல ரோட்டுக்கு ஓடுனான், நம்ம ஊர்ல எந்தப் பாட்டியும் செய்யறதுதான். ஆனா நான் புள்ளைக்கு வலிச்சுதான்னு பாக்கலடி, எதிர்வீட்டு ஜன்னலத்தான் பாத்தேன். அம்மா கையப் புடிச்சு உள்ள இழுத்து கதவ சாத்துனேன்.

ஏன்னா நாங்க இருக்கறது நியூபோர்ட், அதாவது வேல்ஸ். இங்க 2022 மார்ச் 21லேர்ந்து பெத்தவங்க கூட அடிக்கக்கூடாது, ஊரு பாக்க வந்தவங்களுக்கும் அதே சட்டம். புதுசா குத்தம்னு எதையும் சேக்கல, 'நியாயமா தண்டிச்சேன்'னு சொல்லித் தப்பிக்கற வழிய மட்டும் அடைச்சுட்டாங்க. செவர்ன் பாலம் தாண்டி பிரிஸ்டல் போனா இங்கிலாந்து, அங்க அந்த வழி இன்னும் தொறந்துதான் கெடக்கு. இத அம்மாவுக்கு விளக்கிட்டு இருக்கேன், இவன் மூக்க உறிஞ்சிக்கிட்டே "அப்ப அடிக்கணும்னா பாட்டி என்ன பிரிஸ்டலுக்கு கூட்டிட்டுப் போகணுமா?"ங்கறான். அம்மாவே சிரிச்சுட்டாங்க.

அப்புறம் ஆரம்பிச்சாங்க, அடி உதவுற மாதிரி அண்ணன் தம்பி உதவமாட்டான், உன்ன அடிச்சு வளத்ததாலதான் இன்னிக்கி என்ன ஃப்ளைட்டு ஏத்தி கூட்டியாந்துருக்கன்னு. எனக்கு வாயே வரல. உங்கப்பா உன் மேல ஒருநாளும் கை வச்சதில்ல, நீயும்தான் டீச்சராயிருக்கன்னு சொல்லியிருக்கணும், பாத்திரம் கழுவறப்பதான் தோணுச்சு.

நீ இருக்கற எடம் இன்னும் வேடிக்க. 2009 கல்வி உரிமைச் சட்டப்படி நீ பிரம்ப தொடக்கூடாது, ஆனா பெத்தவங்களே வந்து 'கண்ண மட்டும் விட்டுட்டு தோல உரிச்சிடுங்க டீச்சர்'ங்கறாங்கன்னு சொன்னியே. அவங்களுக்கு அங்க தடையில்ல. பன்னெண்டு வயசுக்குள்ள இருக்கற புள்ளைக்கு நல்லதுக்குன்னு செஞ்சா குத்தமில்லன்னு பழைய இந்திய தண்டனைச் சட்டம் ஐபிசி 89ல இருந்தது, இப்ப அதுக்குப் பதிலா வந்த பிஎன்எஸ்ல 27ன்னு நம்பர் மட்டும் மாறியிருக்கு.

இதெல்லாம் சுத்தி வளைக்கறேன்னு உனக்கு புரிஞ்சிருக்கும். அம்மா வர்றதுக்கு முன்னாடி, நைட் டூட்டி முடிச்சு வந்த ஒரு காலையில, பால கொட்டிட்டான்னு தோசக்கரண்டி காம்பால தொடையில அடிச்சேன்டி. செவப்பா ஒரு கோடு. அன்னிக்கி ஸ்கூல்ல விளையாட்டு பீரியட், ஷார்ட்ஸ் போடணும். நான் ட்ராக் பேன்ட் மாட்டி அனுப்புனேன். சாயங்காலம் வந்து "நான் யார்கிட்டயும் சொல்லலமா"ன்னான். நான் மறைக்கச் சொல்லவே இல்ல செல்வி. ஏழு வயசு அவனுக்கு.

சட்டம் வேணுமான்னு கேட்டா வேணும்னுதான் சொல்வேன், அது இல்லன்னா அந்தக் கோட்ட நான் திரும்பிக்கூட பாத்திருக்கமாட்டேன். ஆனா நம்ம ஆளுங்க நடுவுல புள்ளைய தூக்கிட்டுப் போயிடுவாங்கன்னு ஒரே பேச்சு. அடிக்காம எப்படி வளக்கறதுன்னு பெத்தவங்களுக்கு சொல்லிக் குடுக்க கவுன்சில்லயே ஏற்பாடு இருக்கு, பயத்துல யாரும் அந்தப் பக்கம் போறதில்ல, நானும் போகல. 1979ல ஸ்வீடன் மொத மொத இந்தச் சட்டம் போட்டப்ப பால் பாக்கெட்டுல அச்சடிச்சு வீடு வீடா கொண்டு சேத்தாங்க, சாப்பாட்டு மேஜையில புள்ளைங்களும் பெத்தவங்களும் சேந்து படிக்கட்டும்னு. எனக்கு இப்படி கதவுக்குப் பின்னாடி தெரிய வந்துருக்கு.

அந்தக் கரண்டிய அன்னிக்கே குப்பையில போட்டுட்டேன். அம்மா தெனமும் தோச திருப்பறப்ப அத தேடறாங்க, நானும் கூட சேந்து தேடறேன்.

எழுதிப் போடு, ஃபோன் பண்ணாத, அம்மா பக்கத்துலயேதான் இருப்பாங்க.

உன்
மீனா